உங்களுக்குத் தெரியுமா? பனி அங்கே, வேலை இங்கே!

ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில்தான் பொங்கலூர், பல்லடம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போவோருக்குக் கை ஓயாது. அங்கே கோடையில் போடும் பருத்தி டி-சர்ட்டுகளை இங்கே மார்கழி, தையிலேயே தைத்துக் கப்பலேற்றியாக வேண்டும். ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் டெய்லர்கள், பக்கத்தில் பீஸ் எடுத்துக் கொடுக்கும் கைமடி, ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று நீளும் இரவு. ஆனால் அங்கே போடும் குளிர்கால உடுப்புகளில் கம்பளியும் செயற்கை இழையும் அதிகம். பருத்தியையே பெரிதும் நம்பிய திருப்பூருக்கு அந்த ஆர்டர்கள் குறைவு. அதனால் அவற்றைத் தைக்க வேண்டிய வருஷ நடுவில் பல யூனிட்டுகளில் மந்தம். தீபாவளி போனஸ் வாங்கி வெளியூர்க்காரர்கள் ரயிலேறினால் நகரமே சில நாள் வெறிச்சோடும். இப்படி வேலை ஓய்ந்த நாட்களை மாதச் சம்பளக்காரர் சமாளிப்பார். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மெஷின் நின்றால் கூலியும் நின்றது.