உப்பளக் கணக்கும் உறவுநிலை அட்டவணைகளும்

நெய்தல் நிலத்தின் தொன்மையான தொழில்களுள் உப்பு விளைவித்தலும் ஒன்று. உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று, அதனை நெல்லுக்கு மாற்றியதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இக்கடற்கரை ஊரில் இன்றும் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வெயிற்காலத்தில் விளையும் உப்பை வாரிக் குவிப்பர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பணி நின்றுவிடும். அப்போது விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்னும் கணக்குத் தேவைப்படுகிறது.

இக்கணக்கைப் பவர் பி.ஐ. போன்ற வணிக அறிக்கை மென்பொருளில் அமைப்பதாகக் கொள்வோம். விளைச்சல் ஓர் அட்டவணையிலும் விற்பனை மற்றோர் அட்டவணையிலும் பதிவாகும். இரண்டிற்கும் பொதுவான பாத்தி எண்ணே அவற்றை உறவுபடுத்தும். எட்கர் கோட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட உறவுநிலை மாதிரி இம்முறைக்கு அடிப்படையாகும்.

எடுத்துக்காட்டாக, முதல் பாத்தியின் விளைச்சல் 40, 30 மூட்டைகள் என இரு வரிசைகளில் உள்ளது. விற்பனை 20, 15, 25 என மூன்று வரிசைகளில் உள்ளது. விளைச்சல் 70, விற்பனை 60, எஞ்சியது 10. ஆனால், இரு அட்டவணைகளையும் பாத்தி எண்ணைக் கொண்டு நேரடியாக இணைத்தால், ஒவ்வொரு விளைச்சல் வரிசையும் ஒவ்வொரு விற்பனை வரிசையோடும் சேர்ந்து ஆறு வரிசைகளாகும். அவற்றைக் கூட்டினால் விளைச்சல் 210 எனவும் விற்பனை 120 எனவும் பெருகும். வேறுபாடு 90 ஆகிவிடும். களத்தில் இருப்பதோ பத்து மூட்டை. இல்லாத எண்பது மூட்டைக்காகக் குவியலைக் காத்த தொழிலாளி மீது பழி விழக்கூடும்.

இப்பிழையைத் தவிர்க்க, ஒவ்வொரு பாத்தி எண்ணும் ஒருமுறை மட்டுமே இடம்பெறும் மூன்றாவது அட்டவணை ஒன்றை அமைத்து, மற்ற இரண்டையும் அதனோடு உறவுபடுத்த வேண்டும். பின்னர், பாத்திவாரியாக விளைச்சலைத் தனியாகவும் விற்பனையைத் தனியாகவும் கூட்டி, அதன் பின்னரே கழிக்க வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இரண்டாம் பாத்தியில் 25 மூட்டை விளைந்து, ஒன்றும் விற்கப்படவில்லை என்க. இரு அட்டவணைகளிலும் உள்ள எண்களை மட்டும் இணைத்தால், அப்பாத்தியே அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். விற்பனைப் பதிவு இல்லாத இடத்தைச் சுழியமாகக் கொண்டால்தான் மொத்த இருப்பு 35 எனச் சரியாக அமையும்.

களத்தில் எண்ணும்போது 30 மூட்டைகளே இருந்தால், அந்த ஐந்து மூட்டை வேறுபாடு ஆராயத்தக்கது. மழையில் கரைந்திருக்கலாம், விற்பனைப் பதிவு விடுபட்டிருக்கலாம், எண்ணிக்கையே தவறியிருக்கலாம். இவற்றுள் எது காரணம் என்பதை மென்பொருள் சொல்லாது. களத்திற்குச் சென்று, அங்குள்ளோரைக் கேட்டறிந்த பின்னரே முடிவு கூற வேண்டும். கழித்தல் எளிய கணக்குத்தான். எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதை அறிந்து கழிப்பதே ஒருவர் மீதும் வீண்பழி சுமத்தாத கணக்காகும்.