எண்ணி விற்றால்தான் சிப்பியில் காசு!

'தீவனம் வேண்டாம், மருந்து வேண்டாம். கழிமுகத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்' என்று சிப்பி வளர்ப்பைப் பற்றிச் சொல்லக் கேட்டு, கடலோரக் கிராமத்து வாசகர்கள் பலர் 'இதில் இறங்கலாமா?' என்று கேட்கிறார்கள். வளர்ப்பு எளிதுதான். ஆனால் லாபமா நஷ்டமா என்பது அறுவடை செய்த பிறகு வரும் இரண்டு நாள்களில்தான் முடிவாகிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தூத்துக்குடியில் பிறந்த தொழில்நுட்பம்

நாம் பேசுவது உணவுக்கான சிப்பி. தமிழகக் கடற்கரையில் இதை 'ஆளி' என்றும் சொல்வார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970-களில் தூத்துக்குடியில் இதற்கான வளர்ப்பு முறையை உருவாக்கியது. 1990-களில் அது கொல்லம் அருகேயுள்ள அஷ்டமுடிக் காயலுக்குப் போனது. பின்னர் எர்ணாகுளம் மாவட்டம் மூத்தகுன்னம் பகுதியில் உள்ள சத்தார் தீவில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதைத் தொழிலாகவே எடுத்துச் செய்தன.

வளர்ப்பது எப்படி?

காலிச் சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி, நடுவில் துளையிட்டு, நைலான் கயிற்றில் கோக்க வேண்டும். ஒரு சரத்துக்கு ஐந்தாறு ஓடுகள் போதும். ஓட்டுக்கு ஓடு 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடவும். ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மூங்கில் அல்லது சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் கட்டி, சரங்களைத் தரை தொடாமல் தொங்கவிட வேண்டும். தண்ணீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் ஓட்டில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். தண்ணீரிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்றே வளரும்.

அஷ்டமுடியில் நவம்பர், டிசம்பரில் சரம் இறக்கி, ஜூன் மழைக்கு முன் எடுத்துவிடுகிறார்கள். மழைவெள்ளம் புகுந்து உப்பு குறைந்தால் சிப்பி சாகும் என்பதே காரணம். லிட்டருக்கு 22 முதல் 35 கிராம் வரை உப்பு இருப்பது நல்லது. நமக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். எனவே கேரளத்து நாள்கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் கழிமுகத்தில் குஞ்சு படியும் மாதத்தை விசாரித்த பிறகே சரம் இறக்குங்கள்.

எடையா, எண்ணிக்கையா?

ஓட்டோடு 10 கிலோ சிப்பியை அவித்து உடைத்தால், சதை ஒரு கிலோ தேறுவதே அரிது. 800 கிராமும் கிடைக்கலாம். அவிக்க விறகு, உடைக்க ஆள்கூலி என்று செலவு வேறு. அந்தச் சதையை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தால், மிஞ்சுவது உடம்பு வலிதான்.

தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்காயை எண்ணி விற்கிறோம், கொப்பரையை எடை போட்டு விற்கிறோம். சிப்பிக்கும் இதே கணக்குதான். ஒரே அளவாக, உருப்படியாக, உயிரோடு இருப்பதைப் பிரித்து டஜன் கணக்கில் உணவகங்களுக்கும் வீடுகளுக்கும் நேரடியாகக் கொடுங்கள். சிறியதையும் கோணலானதையும் மட்டும் சதையாக்குங்கள். முன்கூட்டியே ஆர்டர் வாங்கி, அந்த அளவுக்கு மட்டும் சரத்தை ஏற்றுங்கள். மீதி தண்ணீரிலேயே வளரட்டும்.

சுத்தம் செய்யாமல் விற்காதீர்கள்

நேரடியாக விற்றால் விலை கைக்கு வரும், பொறுப்பும் கூடவே வரும். தண்ணீரை வடிகட்டும் உயிர் என்பதால், அதிலுள்ள கிருமியும் சிப்பிக்குள் சேரும். ஆகவே அறுவடை செய்ததைச் சேறு போகக் கழுவி, வடிகட்டிக் கிருமி நீக்கிய கடல்நீர்த் தொட்டியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். 12 மணி நேரம் கழித்துத் தண்ணீரை வடித்து, கழிவை அலசிவிட்டுப் புதுத்தண்ணீர் விட வேண்டும். ஒரே ஆளால் தொட்டி கட்டுவது கடினம். குழுவாகச் சேர்ந்தால் செலவு தாங்கும்.

தொட்டியால் எல்லாம் தீராது. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் இடத்துச் சிப்பியில் உள்ள உலோக நஞ்சு ஒரு நாளில் போகாது. சிலவகைப் பாசி நஞ்சு வேகவைத்தாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டிலும், 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் இத்தகைய நஞ்சேறிய மட்டி, கல்லும்மக்காய் சாப்பிட்டு உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது. தண்ணீர் நிறம் மாறினாலோ மீன் செத்து மிதந்தாலோ அறுவடையை நிறுத்துங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதியுங்கள்.

விற்கும்போது ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைக்கவும். நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வாய் பிளந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் அது செத்தது, எறிந்துவிடுங்கள். நன்றாக வேகவைத்தே சாப்பிடும்படி வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள். ஒருவருக்கு வயிறு கெட்டாலும் ஊர் முழுக்க வியாபாரம் படுத்துவிடும்.

வாசகர்கள் கேட்பவை

கிணற்றுப் பாசனக் குளத்தில் வளர்க்கலாமா?
முடியாது. இதற்கு உப்புநீரும் ஏற்ற இறக்க ஓட்டமும் வேண்டும்.

இதில் முத்து கிடைக்குமா?
நகைக்கான முத்து கிடைக்காது. முத்துச்சிப்பி வேறு இனம்.

ஓட்டை என்ன செய்வது?
நல்ல ஓடுகளை அடுத்த சரத்துக்கு வையுங்கள். மீதி சுண்ணாம்புக்கு ஆகும். பொடித்தால் கோழித்தீவனத்தில் சேர்க்கலாம், புளிப்பு மண்ணுக்கும் இடலாம்.

யாரிடம் கேட்பது?
கழிமுகம் பொதுச்சொத்து. பந்தல் போடும் முன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். தொழில்நுட்பத்துக்குத் தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தை அணுகலாம். முதல் ஆண்டு சில சரங்கள் மட்டும் கட்டிப் பாருங்கள். வாங்க ஆள் கிடைத்த பிறகு பந்தலைப் பெரிதாக்கலாம்.