மென்வாய் மீனுக்கு எந்தத் தூண்டில்?

மருதானையிலுள்ள எமது பணிமனைக்குச் சில மாதங்களுக்கு முன்னர் வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். காணிப் பத்திரம் ஒன்றின் பிரதியைத் தேடிக் கொழும்புக்கு வந்தவர், அலுவல் முடியாமல் இரவு ரயிலுக்காகக் காத்திருந்தார். அவருடைய சொந்த வயல் இன்னும் கைக்கு வரவில்லை. உறவினர் கொடுத்த சிறு துண்டுக் காணியில் குடிசை போட்டு இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குளம் உண்டு. கூலி வேலை கிடைக்காத நாட்களில் அந்தக் குளத்து மீன்தான் பிள்ளைகளுக்குக் கறி.

"மீன் இல்லையெண்டில்லை, சுவாமி. நல்லாக் கொத்துது. இழுத்தால் பாதி வழியில கழண்டு போகுது. சில நேரம் சொண்டுத் துண்டு மட்டும்தான் தூண்டில்ல வருகுது" என்றார்.

"என்ன தூண்டில் போடுறீங்கள், ஐயா?"

"விராலுக்குப் போடுற அதே தூண்டில்தான்."

விடை அதிலேயே இருந்தது. அன்று மாலை நாங்கள் இருவரும் புறக்கோட்டைக்குப் போய்ச் சில சிறிய தூண்டில்கள் வாங்கினோம். வலையோ தோணியோ இல்லாமல், தடியும் தங்கூசியும் மட்டும் கொண்டு குளக்கட்டில் நிற்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று, அன்று பேசிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாயைப் பார்த்துத் தூண்டில்

விரால் மற்ற மீன்களைப் பிடித்து விழுங்கும் மீன். அதன் தாடை எலும்பு உறுதியானது, பற்களும் உண்டு. பெரிய, தடித்த தூண்டிலை வேகமாக வெட்டி இழுத்தால்தான் அந்த வாயில் ஏறும். திலாப்பியா, ரோகு, கட்லா, மிரிகால், கெண்டை ஆகியவை அப்படியல்ல. ரோகு, கட்லா, கெண்டை முதலியவற்றின் தாடைகளில் பற்களே இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் அவை இரையை அரைக்கின்றன. சொண்டு சதைப்பிடிப்பானது. திலாப்பியா இரை எடுக்கும்போது தன் வாயைக் குழாய் போல முன்னுக்கு நீட்டும். அப்படி நீளும்போது வாயின் பக்கத்திலுள்ள தோல் வெங்காயத் தோல் போல மெல்லியதாகிவிடுகிறது. தூண்டில் அந்த இடத்தில் ஏறினால், நாம் இழுக்கும் இழுப்பிலேயே தோல் கிழிந்துவிடும்.

இது எமது குளங்களில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. வட அமெரிக்க ஏரிகளில் வாழும் கிராப்பி என்னும் மீனை அங்குள்ளவர்கள் 'காகித வாய்' என்றே அழைக்கிறார்கள். அதற்கு மெல்லிய கம்பித் தூண்டில் போட்டு, வெட்டி இழுக்காமல் மெதுவாகத் தூக்குகிறார்கள்.

எந்த நிலத்துக்கு எந்த நெல் என்று பார்த்து விதைத்தவர்கள் நீங்கள். அதே கவனம் இங்கும் போதும். மீன் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் பார்த்துத் தூண்டிலைத் தெரிவு செய்யக்கூடாது. அதன் வாய் எப்படிப்பட்டது என்று பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

எமது குளங்களில் இருப்பவை

திலாப்பியா இந்நாட்டு மீன் அல்ல. ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த இனம் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று எமது குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பகுதி திலாப்பியா இனங்களே. அது குளத்திலேயே தானாக இனம்பெருக்கும். ஆகையால், 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கும் வரையிலான காலத்திலும் அந்த மீன் குளங்களில் இருந்தது. ரோகு, கட்லா, மிரிகால் ஆகியவை இந்திய ஆற்று மீன்கள். அவை பொதுவாகக் குளத்தில் இனம்பெருக்குவதில்லை. குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தூண்டிலில் கவனிக்க வேண்டியவை

1. அளவு. சிறிய தூண்டில்களில் இலக்கம் கூடக் கூடத் தூண்டில் சிறிதாகும். 14ஆம் இலக்கம் 8ஆம் இலக்கத்தைவிடச் சிறியது. பெரிய தூண்டில்களை 1/0, 2/0 என்று குறிப்பார்கள். அங்கே இலக்கம் கூடினால் தூண்டிலும் பெரிதாகும். சிறு கெண்டைக்கு 12 முதல் 14 வரை, கால் கிலோ முதல் அரைக் கிலோ வரையான திலாப்பியாவுக்கு 8 முதல் 10 வரை, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ரோகு, கட்லாவுக்கு 4 முதல் 6 வரை எனத் தொடங்கிப் பார்க்கலாம். ஒரே இலக்கமாயினும் கம்பனிக்குக் கம்பனி அளவு சற்று மாறும். எனவே கடைக்குப் போகும்போது, நன்றாகப் பிடித்த பழைய தூண்டில் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.

2. கம்பியின் தடிப்பு. தடித்த கம்பி மென்மையான வாயில் பெரிய துளையைப் போடும். மீன் துள்ளத் துள்ளத் துளை பெரிதாகித் தூண்டில் கழன்றுவிடும். மிகவும் மெல்லிய கம்பியோ எளிதாக ஏறும். ஆனால் பெலத்து இழுத்தால் கத்தி போலச் சதையை வெட்டும், அல்லது தானே நிமிர்ந்துவிடும். நடுத்தரமான தடிப்பே நல்லது. இரு விரல்களால் மெதுவாக விரித்துப் பாருங்கள். இலகுவில் விரிந்தால் அது வேண்டாம்.

3. வளைவும் தண்டும். நுனிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வாய் அகலமாக இருந்தால் தூண்டில் கூடுதலான சதையைப் பற்றும். பாரம் ஓரிடத்தில் விழாது. பாண் உருண்டை, தவிட்டு உருண்டை, கோதுமைமா உருண்டை போடுகிறவர்களுக்குக் கட்டைத் தண்டு நல்லது. மண்புழு கோர்ப்பவர்களுக்கு நீண்ட தண்டு வசதி. எந்த இரையாயினும் தூண்டிலின் வாய் முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. நுனி வெளியே நிற்க வேண்டும்.

4. நுனி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கூரான நுனி மெதுவான இழுப்பிலேயே ஏறிவிடும். மொட்டை நுனிக்குப் பெலன் வேண்டும். அந்தப் பெலன்தான் வாயைக் கிழிக்கிறது. நுனியைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்தால் கூர் இருக்கிறது; வழுக்கினால் சிறு அரத்தாலோ சாணைக்கல்லாலோ தீட்டுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி வைத்தால் துருப்பிடிக்காது.

5. பின்முள். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைச் சொல்கிறேன். அது பெரிதாக இருந்தால் துளையும் பெரிதாகும். சிறிய பின்முள் உள்ள தூண்டிலே மென்வாய்க்குப் போதும்.

தூண்டிலைக் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் வட்டத் தூண்டிலைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் நுனி உள்நோக்கித் திரும்பியிருக்கும். மீன் இரையை எடுத்துத் திரும்பும்போது அது பெரும்பாலும் வாயின் மூலையில் தானாகவே மாட்டும். மூலையில் மாட்டிய மீன் எளிதில் கழலாது. ஆனால் அதைக் கையால் வெட்டி இழுத்தால் வாயிலிருந்து வெளியே வந்துவிடும்.

கையும் தடியும்

நல்ல தூண்டிலும் முரட்டுக் கையில் பயன்தராது. மிதப்பு அமிழ்ந்தவுடன் தடியை வெட்டாமல், நிதானமாக மேலே தூக்குங்கள். நுனி வளையும் மூங்கில் தடி மீனின் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும். விறைத்த தடி அந்த அதிர்ச்சி முழுவதையும் மீனின் சொண்டுக்கே கொடுக்கும். தங்கூசி தளராமல் இருக்கட்டும். தளர்ந்தால் தூண்டில் துளையிலிருந்து நழுவும்.

பெரும்பாலான மீன்கள் தப்புவது கரையில்தான். தண்ணீருக்குள் மீனின் பாரம் தெரியாது. வெளியே தூக்கியதும் முழுப் பாரமும் அந்தச் சிறு துளையில் தொங்கும். எனவே மீனைத் தங்கூசியால் தூக்காமல், கைவலையால் கீழிருந்து ஏந்துங்கள். மட்டக்களப்புப் பக்கத்து அத்தாங்கு போன்ற சிறு வலையாயினும் சரி. கம்பி வளையத்தில் பழைய வலைத் துண்டைக் கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வாய் கிழிந்து போகும் மீன் உங்களுக்கும் இல்லை, பிறகு வருகிறவருக்கும் இல்லை. அது இரை எடுக்க முடியாமல் வீணே சாகக்கூடும்.

குளம் யாருடையது?

நாம் வந்து சேர்ந்த ஊருக்கு எமக்கு முன்னரே ஆட்கள் இருக்கிறார்கள். குளத்தில் ரோகு, கட்லா இருந்தால், யாரோ பணம் கொடுத்து அல்லது பாடுபட்டு அந்தக் குஞ்சுகளை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே தூண்டில் போடுவதற்கு முன்னர் குளத்து மீனவர் சங்கத்திடமும், சிறு குளமாயின் கமக்காரர் அமைப்பிடமும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நக்டா அதிகாரசபையின் மாவட்ட உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். கேட்டுப் பிடித்தால் சண்டை இல்லை. வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அவற்றின் பக்கமே போகவேண்டாம்.

இன்னொன்று. திலாப்பியாத் தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். பிடித்த மீனின் வாயில் அவற்றைக் கண்டால், தூண்டிலை மெதுவாகக் கழற்றி அதனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். விதை நெல்லைச் சமைப்பதில்லை அல்லவா?

சிறுவர்களைத் தனியே குளத்துக்கு அனுப்பவேண்டாம். முதலை உள்ள குளங்களில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கவேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள கரைக்குப் போகவே வேண்டாம். கையில் தூண்டில் ஏறினால் அன்றே வைத்தியசாலைக்குப் போய், ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள்.

இரண்டு கிழமைகளுக்குப் பின்னர் அந்த ஐயா தொலைபேசியில் பேசினார். "இப்ப பத்துக் கொத்தில ஆறேழு கரைக்கு வருகுது, சுவாமி" என்றார். காணி அலுவல் என்னவாயிற்று என்று கேட்டேன். இன்னும் முடியவில்லையாம், அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம். தூண்டில் வயலுக்கு ஈடாகாது. அது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். வயல் கைக்கு வரும் வரைக்கும் பிள்ளைகளின் கோப்பையில் ஒரு துண்டு மீன் இருக்கட்டும். காணிக்காகக் கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.