இரத்தம் எடுக்கும் வித்தை

காலை ஆறு மணி. பெருங்களத்தூரில் ஒரு வீட்டுக் கூடம். காப்பி கூட அருந்தாமல் பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். சிறு பெட்டியுடன் வந்த யுவதி, பாட்டியின் முழங்கை மடிப்பை விரலால் மெல்லத் தடவி இரத்தக் குழாயைத் தேடுகிறாள். "வலிக்குமா, குழந்தே?" என்று பாட்டி கேட்டு முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. "இவ்வளவுதானா? இதற்கும் ஒரு படிப்பா?" என்று வீட்டார் வியக்கிறார்கள்.

ஆம், படிப்புத்தான். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும், பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் காகிதத்தை நம்பியே மருந்து கொடுக்கிறார். அந்தக் காகிதமோ இரத்தம் எடுத்தவரின் கையை நம்பியிருக்கிறது. கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் கணக்கு மாறும். தோலில் தடவிய சாராயச் சத்து உலருமுன் குத்தினால் எரியும். கிருமிகளும் நன்கு அழியா. குழாய்களின் மூடி நிறங்கள் அழகுக்காக அல்ல. ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்து இருக்கிறது. அது சிவப்பு மூடிக் குழாயில் கலந்தால் பொட்டாசியம் அதிகமென்றும் கால்சியம் குறைவென்றும் பொய்க் கணக்கு வரும். எல்லாவற்றிலும் பெரிய பிழை பெயர்ப் பிழை. அதனால்தான் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லச் செய்து, அவர் எதிரிலேயே சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி.

ஊசி பிடிக்கும் கைக்கும் அபாயம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை டாக்டர் சுனீதி சாலமனின் மாணவியாயிருந்த டாக்டர் நிர்மலா, எய்ட்ஸ் நோய் நம் நாட்டில் உண்டா என்றறிய இரத்தம் சேகரிக்கப் புறப்பட்டார். கையுறை கிடையாது, தற்காப்புச் சாதனம் எதுவும் கிடையாது. எண்பதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த இரத்தத்தின் தெளிநீரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986-இல் அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கணவருடன் ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். இந்தியாவில் அந்நோய்க் கிருமி இருப்பது அங்கேதான் முதன்முதலில் வெளிப்பட்டது. யாருடைய குழாய் எது என்று ஒன்று மாறியிருந்தாலும் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

அந்தக் கதை நம் ஊருக்கு அருகிலேயே தொடர்ந்தது. பெருங்களத்தூரில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலேறினால் இரண்டாவது நிலையம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் க்ஷயரோகிகளுக்காக நிறுவிய ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு பலரும் அஞ்சி விலகிய காலத்தில், 1993 முதல் அது அவர்களை ஏற்றுப் பராமரித்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அடிக்கடி இரத்தம் எடுத்தாக வேண்டும். எடுத்தவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. அச்சத்தைப் போக்கியது பயிற்சி. கையுறை அணிதல், பயன்படுத்திய ஊசியை மறுபடி மூடாமல் உடனே கெட்டிப் பெட்டியில் போடுதல், மஞ்சட்காமாலைக்கு மூன்று தவணை தடுப்பூசி போட்டுக் கொள்ளுதல் ஆகியவை அப்பயிற்சியின் அரிச்சுவடி.

இத்தொழிலை நாடும் பிள்ளைகளுக்கு வழி என்ன? பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்கள், பரிசோதனைச் சாலைத் தொழில்நுட்பத்தில் இரண்டாண்டு டிப்ளமாவோ, அதற்கு மேற்பட்ட பட்டப் படிப்போ பெறலாம். இரத்தம் எடுப்பதற்கென்றே குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. மருத்துவத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தவும், அவற்றில் ஈடுபடுவோரைப் பதிவு செய்யவும் 2021-இல் மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியிருக்கிறது.

ஆயினும், பளபளப்பான அத்தாட்சிப் பத்திரத்தைக் கண்டு பெற்றோர் மயங்கலாகாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், மேற்பார்வையில் ஐம்பது முறை இரத்தக் குழாயிலும் பத்து முறை விரல் நுனியிலும் இரத்தம் எடுத்துக் காட்டினாலன்றி அனுமதி இல்லை. பணம் கட்டுமுன் நாமும் கேட்போம்: "எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? எத்தனை பேருக்கு ஊசி குத்துவார்கள்? அருகில் நின்று திருத்துபவர் யார்? பத்திரத்தை வழங்குவது யார்?" இவற்றுக்கு நேரான விடை இல்லையென்றால், அந்த வாசலை விட்டுத் திரும்பிவிடுவதே நலம்.

நம் பாட்டியின் கை இன்னொருவர் பிள்ளை பழகும் கையல்லவா? அந்தப் பிள்ளை நன்றாகக் கற்றிருந்தால்தான் பாட்டி நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.