தொற்றாத கட்டிகளும் லேசர் சிகிச்சையும்

சிலருடைய முகத்திலும் முதுகிலும் பட்டாணி போன்ற மென்மையான கட்டிகள் நிறைந்திருக்கக் காண்கிறோம். ஒட்டிக்கொள்ளும் நோயென அஞ்சி, அவர்களோடு ஒரே தட்டில் உண்ணத் தயங்குவோரும் உளர். அந்த அச்சம் அடிப்படையற்றது.

முதல் வகை நியூரோஃபைப்ரோமடோசிஸ் எனப்படும் இது ஒரு மரபணுக் கோளாறு, தொற்றுநோயன்று. ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்று இக்கோளாறுடன் பிறக்கிறது. இதற்குக் காரணமான மரபணு 1990-இல் கண்டறியப்பட்டது. பாதிப்பேருக்கு இது பெற்றோர் வழி வருகிறது. மற்றவர்களுக்குப் புதிதாகவே தோன்றுகிறது. எனவே தாயைக் குறைகூறுவது அறியாமையாகும்.

தோலில் எழும் இச்சிறு கட்டிகள் புற்றுநோயாக மாறுவதில்லை. எனினும் அரிப்பும், ஆடை உரசுவதால் வரும் வேதனையும், பிறர் பார்வையும் வாட்டும்போது அவற்றை அகற்றிக்கொள்ளலாம். மராட்டியத்தின் பாராமதியில் பிறந்த விஞ்ஞானி குமார் படேல் 1964-இல் அமெரிக்காவில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர் இதற்குப் பயன்படுகிறது. அதன் கதிர் திசுவிலுள்ள நீரைக் கொதிக்கச் செய்து கட்டியை ஆவியாக்குகிறது. இரத்தக்கசிவு குறைவு, ஒரே முறையில் பல கட்டிகளை நீக்க இயலும். பெரிய கட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சையே ஏற்றது.

சிகிச்சைக்குப்பின் தழும்புகள் எஞ்சும். மரபணுவை லேசர் மாற்றாது. ஆதலால் புதிய கட்டிகள் தோன்றக்கூடும். ஏதேனும் ஒரு கட்டி விரைந்து வளர்ந்தாலோ, வலித்தாலோ தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

கட்டியை நீக்க லேசர் உண்டு. நம் உள்ளத்து அருவருப்பை நீக்க வேண்டியவர்கள் நாமே.