கோழிக்கழிவில் தீவனம்... புளித்தால் சரி, அழுகினால் ஆபத்து!

ஞாயிற்றுக்கிழமை காலை. நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கம் போய்விட்டு, அப்படியே சிக்கன் கடையில் நிற்கிறீர்கள். கறி உங்கள் பைக்கு வந்துவிடும். டிரம்முக்குள் போகும் குடல், தலை, இறகெல்லாம் எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? இரண்டு கிலோ உயிர்க்கோழியில் அரை கிலோவுக்கு மேல் கழிவுதான்.

இந்தக் கழிவில் புரதமும் கொழுப்பும் அதிகம். முறையாகப் பக்குவப்படுத்தினால் மீன், வாத்து, பன்றிக்குத் தீவனம். ஆனால், 'சும்மா ஊறவெச்சு போட்டா போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாவு புளிக்கிற கதைதான்!

தோசை மாவில் இருக்கும் மாவுச்சத்தைச் சாப்பிட்டுத்தான் நல்ல பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது. இறைச்சியிலோ சர்க்கரைச் சத்து கிடையாது என்றே சொல்லலாம். அதனால் தனியாக மூடி வைத்தால் புளிக்காது, அழுகும். கழிவை அரைத்து, வேகவைத்து, ஆறியதும் மொலாசஸும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும். பி.எச். அளவு 4.5-க்குக் கீழே இறங்கினால், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். பொட்டுலிசம் கிருமியும் நஞ்சை உருவாக்க முடியாது.

அழுகினால் என்ன ஆகும்?

பொட்டுலிசம் நஞ்சு கோழி, வாத்துகளுக்குப் பக்கவாதத்தை வரவழைக்கும். சால்மோனெல்லா, தீவனத்திலிருந்து கோழிக்கும் முட்டைக்கும் தாவி, கடைசியில் நம் தட்டுக்கே வந்துவிடும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எல்லாம் இப்படி வரலாம்.

புளிக்க வைத்தாலும் போகாதவை

கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் புளிப்பில் முழுசா அழியும் என்று நம்ப முடியாது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கொலிஸ்டின் மருந்தை, பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது இதே கவலையில்தான்.

இதை மறக்காதீங்க

* ஆடு, மாடுகளுக்கு இறைச்சிக் கழிவு வேண்டவே வேண்டாம். மாட்டின் எலும்பு, இறைச்சித் தூளை மாட்டுக்கே போட்டதால்தான் பிரிட்டனில் 'மாட்டுப் பித்த' நோய் பரவியது. அதிலிருந்து தொற்றிய மூளைநோயால் அங்கே 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

* பச்சைக் கழிவை அப்படியே குளத்தில் கொட்டி வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, 2000-லிருந்தே தடை செய்யப்பட்ட மீன். விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

* புளித்த வாசனை மட்டும் போதாது; பி.எச். 4.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் என்றால் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

* கழிவைத் தொடும்போது கையுறை, தொட்ட பிறகு சோப்பு. கறியையும் முட்டையையும் நன்றாக வேகவையுங்கள்.

அடுத்த முறை நாட்டுக்கோழியோ மீனோ வாங்கும்போது, விலையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "அண்ணே, இதுக்கு என்ன தீவனம் போடுறாங்க?"