தோட்டத்திலிருந்து தாமானுக்கு: கெடாத் தமிழர் வீடு தேடும் கணக்கு

தமிழில் ‘தோட்டம்’ என்பதும் மலாய் மொழியில் ‘தாமான்’ என்பதும் பொருளளவில் ஏறத்தாழ ஒரே சொல்லாம். ஆயினும் கெடா மாநிலத் தமிழர் வாழ்வில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. தோட்டம் என்றால் ரப்பர் மரங்களும் லயன் வீடுகளும் நினைவிற்கு வரும். தாமான் என்றால், கடன் பெற்று மாதந்தோறும் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் நகர்ப்புற வீடமைப்புப் பகுதி. தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்க முனையும் குடும்பம் ஒரு முடிவைச் செய்வதாக எண்ணுகிறது. உண்மையில் அது மூன்று முடிவுகளைச் செய்கிறது: உறைவது எங்கே, உழைக்கப் போவது எவ்வழி, பிள்ளை படிப்பது எப்பள்ளியில் என்பனவே அவை.

தோட்ட வாழ்க்கையில் இம்மூன்றும் பிரிக்கப்படாமல் இருந்தன. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என வகுத்தது. கெடா அக்கூட்டமைப்பில் சேராத மாநிலம். எனினும் அங்கும் தோட்டந்தோறும் பள்ளி என்னும் முறை பரவியது. பால்மரக் காடு, லயன், பள்ளி, கோயில் ஆகியவை நடந்து செல்லும் தூரத்திற்குள் அடங்கின. ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த, முதனிலை திரிந்த தொழிற்பெயர். விடுதலை என்பதும் அதன் பொருள். தோட்ட வீடோ அப்பொருளுக்கு மாறானது; வேலை போனால் வீடும் போயிற்று, வீடு போனால் பள்ளியும் போயிற்று.

இப்பிணைப்பு 1950களின் பிற்பகுதி முதல் தளரத் தொடங்கியது. பெருந்தோட்டங்கள் சிறு கூறுகளாக விற்கப்பட்டன. இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். இதனை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பின்னர் ரப்பர் நின்ற இடங்களில், குறைந்த ஆட்களே தேவைப்படும் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சொந்த வீடு என்பது பலருக்குத் தேவையாகிவிட்டது.

வேலையும் இடம் மாறியது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாயிற்று. கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. ஆகவே வீடு தேடுவோர் ஊர்களை ஒப்பிட வேண்டியவராயினர். சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கு நெடுஞ்சாலையும் உண்டு, 2015 முதல் பாடாங் பெசார் வரை ஓடும் கொமுட்டர் மின்ரயிலும் உண்டு. கூலிமில் வேலை அருகில் உள்ளது. ஆனால் ரயில் நிலையம் இல்லை. லூனாஸ், பாடாங் செராய் போன்ற சிற்றூர்களில் குடியிருப்போர் மோட்டார் சைக்கிளையோ தொழிற்சாலைப் பேருந்தையோ நம்ப வேண்டும். வேலைக்குரிய இத்தொலைவை எவரும் தவறாமல் கணக்கிடுவர். தவணையைப் போல அதுவும் மாதந்தோறும் பணமாகக் கண்ணிற்படுவதே காரணம்.

கணக்கிடாமல் விடப்படுவது பள்ளித் தொலைவு. புதிய வீட்டிற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் எனக் கொள்வோம். போக வர இருபது. ஆண்டில் ஏறத்தாழ 190 பள்ளி நாட்கள் எனின் 3,800 கிலோமீட்டர். ஆறாண்டுத் தொடக்கக் கல்வியில் 22,800 கிலோமீட்டர். தொலைவைவிட நேரம் கடினமானது. பள்ளி காலை ஏழரை மணியளவில் தொடங்கி நண்பகலை அடுத்து முடிகிறது. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர முறைவேலை செய்யும் பெற்றோர் இருவேளையும் பிள்ளையை ஏற்றி இறக்க இயலாது. பள்ளி வேன் கிடைக்காவிடில், அருகிலுள்ள தேசியப் பள்ளியே தீர்வாகிவிடுகிறது. தமிழ்மீது பற்றில்லாமையால் அன்று, வழியில்லாமையால் அக்குடும்பம் தமிழ்ப்பள்ளியை விட்டு விலகுகிறது.

பள்ளிகளின் பெயர்களே இதற்குச் சான்று. பீடோங் வட்டாரத்தில் ‘ஹார்வர்ட் தோட்டம் 3ஆம் பிரிவு’ என்னும் பெயரில் தமிழ்ப்பள்ளி உண்டு. தோட்டத்தின் எந்தப் பிரிவினருக்காக எழுந்ததோ அப்பிரிவின் எண்ணை அது இன்றும் சுமக்கிறது. மறுபுறம், சுங்கைப் பட்டாணியில் ‘தாமான் கெலாடி’ தமிழ்ப்பள்ளி, மக்கள் குடியேறிய இடத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்குச் சற்றுக் குறைவு. குடிகள் நகர்ந்த வேகத்தில் பள்ளிகள் நகரவில்லை என்பது இக்குறைவிற்கு ஒரு முக்கிய காரணம்.

ஆறாம் ஆண்டோடு கணக்கு முடிவதில்லை. இடைநிலைப் பள்ளியில் பயிற்றுமொழி மலாய். அங்கே தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்க, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்க வேண்டும். பத்துத் தாமான்களில் இருவர் மூவராகச் சிதறி வாழும் குடும்பங்கள் இவ்வெண்ணிக்கையை எட்டுவது அரிது. ஒரே பகுதியில் சேர்ந்து குடியேறியோர்க்கு அஃது எளிது. ஒரு குடும்பத்தின் வீட்டுத் தேர்வு அண்டை வீட்டுப் பிள்ளையின் தமிழ்ப் பாடத்தையும் தீர்மானிக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் சில செய்திகளை அறிந்துகொள்ளுதல் நன்று. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி எது? அதற்கு வேன் வசதி உண்டா? அங்கிருந்து மாணவர் எந்த இடைநிலைப் பள்ளிக்குச் செல்வர்? அங்கே தமிழ் வகுப்பு நடைபெறுகிறதா? வீடு விற்பவரின் விளம்பரத் தாளில் இவ்விடைகள் இரா. அவ்வட்டாரத் தமிழாசிரியரிடம் அவை உண்டு. பள்ளியில் சேர்க்கும் நாளன்று பெற்றோரைச் சந்திக்கும் ஆசிரியர், அவர்கள் வீடு தேடும் நாளிலேயே சந்திப்பாராயின், பிள்ளைக்கு ஒரு பள்ளியும் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் கிடைக்கும்.